டெரல் டேவிஸின் 2008 யார்டு: ஓடியவரின் திறமையா, டென்வர் லைனின் வேலையா?

#1 பின்களம்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் டென்வர் பிரான்கோஸ் அணியின் ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) டெரல் டேவிஸ் பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. அந்த லைனுக்குப் பின்னால், அதாவது முன்னே நின்று எதிரிகளைத் தடுக்கும் ஐந்து பேருக்குப் பின்னால், யார் ஓடினாலும் ஆயிரம் யார்டு வரும் என்பது ஒரு கட்சி. நான்கு சீசனில் அவர் செய்ததை வேறு யார் செய்து காட்டினார்கள் என்பது இன்னொரு கட்சி. வேறோர் இழையில் இது பாதியிலேயே நின்றுபோனதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். முதலில் கணக்கை வைத்துவிடலாம், வாதம் பிறகு. (கேரி என்பது பந்தோடு ஓடிய முறை, டச் டவுன் என்பது எதிரணியின் கோல் லைனைத் தாண்டிப் புள்ளி எடுப்பது.)

1995: 14 ஆட்டம், 237 கேரி, 1117 யார்டு, 7 டச் டவுன்
1996: 16 ஆட்டம், 345 கேரி, 1538 யார்டு, 13 டச் டவுன்
1997: 15 ஆட்டம், 369 கேரி, 1750 யார்டு, 15 டச் டவுன்
1998: 16 ஆட்டம், 392 கேரி, 2008 யார்டு, 21 டச் டவுன்
1999: 4 ஆட்டம், 67 கேரி, 211 யார்டு, 2 டச் டவுன்
2000: 5 ஆட்டம், 78 கேரி, 282 யார்டு, 2 டச் டவுன்
2001: 8 ஆட்டம், 167 கேரி, 701 யார்டு, டச் டவுன் இல்லை

மொத்தம் 78 ஆட்டம், 1655 கேரி, 7607 யார்டு, 60 டச் டவுன். இதில் 6413 யார்டு முதல் நான்கு சீசனிலேயே வந்துவிட்டது. 1995 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில்) ஆறாவது சுற்றில் 196வது ஆளாக எடுக்கப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கடைசி சீசனில் அவர் ஓடியது வெறும் 445 யார்டு. தொடைப் பின்தசைக் காயத்தால் பல ஆட்டம் போயிருந்தது. ஆறாவது சுற்று வரை அவர் கிடந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

#2 ஏழுயார்டு

நல்ல தொடக்கம். ஆனால் டென்வர் லைன் என்ன செய்தது என்று தெரியாமல் "சிஸ்டம்" (ஆள் இல்லை, அணியின் முறைதான் யார்டைத் தருகிறது) என்ற சொல்லை வைத்து எவ்வளவு பேசினாலும் முடிவு வராது. அதை விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1995-ல் மைக் ஷானஹன் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது லைன் பயிற்சிக்கு அலெக்ஸ் கிப்ஸ், ரன்னிங் பேக் பயிற்சிக்கு பாபி டர்னர். ஓட்டத்துக்கு அவர்கள் நம்பியது பெரும்பாலும் இரண்டே ஓட்ட உத்திகளை: வெளி ஜோன், உள் ஜோன். இரண்டிலும் லைன்மேன் குறிப்பிட்ட ஓர் ஆளைத் தேடிப் போய் இடிப்பதில்லை. ஐந்து பேரும் ஒரே பக்கமாக நகர்வார்கள், தன் வழியில் வருபவனை எடுத்துக்கொள்வார்கள்.

வலப்பக்க வெளி ஜோனை எடுத்துக்கொள்வோம். லைன்மேனின் முதல் காலடி வலப்பக்கம், சற்றே பின்வாங்கி. எதிரியின் வெளித்தோளைத் தாண்டித் தன் தலையைக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் குறி. அடுத்தடுத்த இரண்டு லைன்மேன் சேர்ந்து ஒரு டிஃபென்சிவ் டேக்கிளை (எதிரணி முன்வரிசையின் நடு ஆளை) தள்ளுவார்கள், கண் மட்டும் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல் இருக்கும். லைன்பேக்கர் எந்தப் பக்கம் வருகிறானோ அந்தப் பக்கத்து ஆள் கழன்று அவனைப் பிடிப்பார், மற்றவர் டேக்கிளை வைத்துக்கொள்வார். யார் கழல்வது என்பது பந்து எடுத்த பிறகுதான் முடிவாகும். சென்டர் டாம் நேலனும் இடது கார்டு மார்க் ஷ்லெரத்தும் இதைத்தான் வாரா வாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில், நம் லைனின் கார்டும் டேக்கிளும் கட் பிளாக் போடுவார்கள். எதிரியின் தூரத்துத் தொடைக்குக் குறுக்கே தோளைப் பாய்ச்சி அவனைத் தரையில் விழவைப்பது. அவசரப்பட்டு முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் எதிரி தாண்டிக் குதித்துவிடுவான். உடலை ஒட்டி ஓடிவந்த பிறகுதான் பாய வேண்டும். திரும்பி உள்ளே வெட்டும் பாதை பிறப்பது இந்த இடத்தில்தான்.

இப்போது ரன்னிங் பேக். குதிகால் லைனுக்குப் பின்னால் 7 யார்டில். குறி, லைனின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டின் வெளி இடுப்பு. முதல் காலடி பக்கவாட்டில், இரண்டாவது குறுக்காக, மூன்றாவது காலை ஊன்றும்போது முடிவு எடுத்தாக வேண்டும். பார்க்க வேண்டியவர்கள் இருவர்: எதிரணி முன்வரிசையின் ஓரத்து ஆளான டிஃபென்சிவ் எண்ட், அவனுக்கு அடுத்து உள்ளே இருக்கும் டேக்கிள். எண்ட் உள்ளே அடைபட்டால் வெளியே போ. எண்ட் வெளியே விரிந்து, டேக்கிள் அடைபட்டால் இருவருக்கும் நடுவே நேராகக் குத்து. இருவருமே வெளியே ஓடினால் காலை ஊன்றி உள்ளே திரும்பு. ஒரே ஒரு வெட்டு, அதன்பின் நேராக மேலே. இரண்டாவது வெட்டுக்கு இடமே இல்லை.

#3 புதுவரவு

கட் பிளாக் என்பதும் சாப் பிளாக் என்பதும் ஒன்றா? இரண்டையும் சேர்த்தே டென்வரைத் திட்டுவதைப் பார்க்கிறேன்.

#4 ஏழுயார்டு

ஒன்றில்லை. ஒருவர் தனியாகத் தாழ்ந்து இடிப்பது கட். ஒருவர் மேலே பிடித்திருக்கும்போது இன்னொருவர் அதே எதிரியின் காலைத் தாக்குவது சாப். பின்னதில் எதிரிக்குக் காலைப் பாதுகாக்க வழியே கிடையாது, முழங்கால் போய்விடும். சில வகைச் சாப் பிளாக்குகளை ஓட்ட ஆட்டங்களில் விதி நெடுங்காலம் அனுமதித்தே வந்தது. 2016-ல்தான் என்எஃப்எல் அதை அடியோடு நீக்கியது. டென்வர் லைன் மேல் எதிரணிகளுக்கு இருந்த கோபம் நியாயமானது என்றே சொல்வேன். விதிக்குள் செய்தார்கள் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது.

#5 கணக்கு

சரி, சிஸ்டம் கட்சியின் வாதத்தை ஒழுங்காக வைக்கிறேன், ஏனென்றால் அது லேசான வாதம் இல்லை.

1999-ல் டேவிஸ் காயப்பட்டு விழுந்தார். நான்காம் சுற்றில் வந்த புதுமுகம் ஒலாண்டிஸ் கேரி 1159 யார்டு ஓடினார். 2000-ல் ஆறாம் சுற்றில் வந்த மைக் ஆண்டர்சன் 1487 யார்டு ஓடி, சிறந்த தாக்குதல் புதுமுகம் விருதையும் வாங்கினார். 2002-ல் கிளிண்டன் போர்டிஸ் 1508, அடுத்த வருஷம் 1591. 2004-ல் ரூபன் டிரௌன்ஸ் 1240. ஐந்து வருஷ இடைவெளிக்குள் நான்கு வெவ்வேறு ஆட்கள், நால்வரும் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

இன்னும் வலுவான சான்று போர்டிஸ். டென்வரில் இரண்டு சீசனிலும் ஒரு கேரிக்கு 5.5 யார்டு. 2004-ல் வாஷிங்டன் போனார். 343 கேரி, 1315 யார்டு, சராசரி 3.8. அதே கால், அதே வயசுக்காரர். மாறியது லைனும் முறையும் மட்டும்தான்.

#6 மைல்ஹை ரசிகை

@கணக்கு, ஒலாண்டிஸ் விஷயத்துல ஒரு கேரிக்கு எவ்வளவுன்னு ஏன் விட்டுட்டீங்க? 276 கேரிக்கு 1159, அதாவது 4.2. டேவிஸ் அதே முறையில, பெரும்பாலும் அதே ஆளுங்களுக்குப் பின்னால முந்தின வருஷம் 5.1. அதுவும் 392 கேரிக்கு! கேரி எண்ணிக்கை ஏற ஏற சராசரி இறங்குறதுதான் வழக்கம், இவருக்கு ஏறியிருக்கு. ஒலாண்டிஸ் அதுக்கப்புறம் ஆயிரம் யார்டைத் திரும்பப் பார்க்கவே இல்ல.

ஆனா எனக்குப் பெரிய சான்று பிளேஆஃப்தான், சீசன் முடிஞ்சு நடக்குற நாக்அவுட் ஆட்டங்கள். வழக்கமான சீசன்ல பலவீனமான டிஃபென்ஸ் நாலஞ்சு வரும், எண்ணிக்கை ஊதிரும். ஜனவரியில அது நடக்காது. டேவிஸ் விளையாடுனது 8 பிளேஆஃப் ஆட்டம். 204 கேரி, 1140 யார்டு, 12 டச் டவுன். ஆட்டத்துக்கு 142.5 யார்டு. முதல் ஆட்டத்துல மட்டும் 91, அதுக்கப்புறம் ஏழு ஆட்டமும் தொடர்ந்து 100-க்கு மேல.

1997 ஜனவரியில ஜாக்சன்வில் வந்து 30-27-ன்னு வீட்லயே தோற்கடிச்சுட்டுப் போனாங்க. அடுத்த சீசன்ல அதே ஜாக்சன்வில்லுக்கு எதிரா 31 கேரி, 184 யார்டு. பிறகு கன்சாஸ் சிட்டி போய் 101, பிட்ஸ்பர்க் போய் 139, இறுதி ஆட்டமான சூப்பர் பவுல்ல 157. நாலு ஆட்டத்துல 581 யார்டு, 8 டச் டவுன். இதுல ரெண்டு ஆட்டம் வெளியூர்ல, கூட்டத்தோட சத்தத்துக்கு நடுவுல. மைக் ஆண்டர்சனுக்கோ போர்டிஸுக்கோ இப்படி ஒரு ஜனவரி டென்வர்ல அமையல.

#7 பின்களம்

@மைல்ஹை ரசிகை, பிளேஆஃப் வாதம் நியாயம்தான். ஆனால் டென்வரில் பந்தை வீசும் குவாட்டர்பேக் ஜான் எல்வே இருந்தார், பந்தைப் பிடிக்க ஷானன் ஷார்ப் இருந்தார், ராட் ஸ்மித், எட் மெக்காஃப்ரி இருந்தார்கள். ஓட்டத்தைத் தடுக்க எதிரணி எட்டுப் பேரை முன்னால் நிறுத்த முடியாத நிலை. போர்டிஸுக்கும் ஆண்டர்சனுக்கும் எல்வே இல்லை. அதையும் கழித்துத்தானே பார்க்க வேண்டும்?

#8 ஏழுயார்டு

கழிக்கலாம், ஆனால் எதிர்த்திசையிலும் கூட்ட வேண்டும். வெளி ஜோனுக்கும் எல்வேயின் பூட்லெகுக்கும் தொடக்கம் ஒன்றே. எதிர்ப்பக்க எண்ட் ரன்னிங் பேக்கைத் துரத்தினால் எல்வே பந்தோடு அந்தப் பக்கம் தனியாக ஓடிப்போவார். எண்ட் அங்கேயே நின்றால் உள்ளே திரும்பும் பாதை திறக்கும். ஆக எல்வே டேவிஸுக்கு உதவினார், டேவிஸ் எல்வேக்கு உதவினார். எல்வே அதற்கு முன் மூன்று சூப்பர் பவுல் ஆடி மூன்றிலும் தோற்றவர். ஓட்டம் வந்த பிறகுதான் கோப்பை வந்தது.

அடுத்து, லைன் கொடுப்பது எவ்வளவு, ஓடுபவன் எடுப்பது எவ்வளவு என்பது. வெளி ஜோனில் அடிக்கடி நடக்கும் தவறு சீக்கிரம் வெட்டுவது. உள்ளே இடைவெளி தெரிந்ததும் இரண்டாவது காலடியிலேயே திரும்பிவிடுவார்கள். அப்போது லைன்பேக்கர் இன்னும் வெளியே நகரவில்லை, நின்ற இடத்திலேயே பிடித்துவிடுவான். கட் பிளாக்கில் விழ வேண்டிய ஆளும் விழுந்திருக்க மாட்டான். இடைவெளி கண்ணில் பட்டாலும் அதை நோக்கிப் போகாமல், தன் லைன்மேனின் குதிகாலை மிதிக்கும் தூரம் வரை வெளிப்பக்கமாகவே போய் லைன்பேக்கரை இழுத்துவிட்டு அப்புறம் திரும்ப வேண்டும். இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம், ஆனால் ஆட்டத்துக்கு 25 முறை, உடம்பில் அடி வாங்கிய பிறகும் ஒரே அளவில் செய்வது கற்றுக்கொடுத்து வருவதில்லை. டேவிஸ் ஓட்டப் பந்தய வேகக்காரர் இல்லை. மூன்றாவது காலடிக்கு முன்பு அவர் தோள் திரும்பாது. அதுதான் அவருடைய சொத்து.

இரண்டாவது தவறு, நின்று ஆடுவது. பாதை தெரியவில்லை என்று லைனுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தால் மைனஸ் யார்டு. டேவிஸ் அப்படிப்பட்ட ஓட்டத்திலும் தலையைத் தாழ்த்தி இரண்டு யார்டு எடுத்துவிடுவார். முதல் டவுனில் (10 யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவதில்) 2 யார்டு வந்தால் இரண்டாவதில் 8 பாக்கி. மைனஸ் 3 ஆனால் 13 பாக்கி, அதன்பின் ஓட்ட ஆட்டமே கூப்பிட முடியாது. சராசரியில் தெரியாத லாபம் இது.

#9 கணக்கு

இது எனக்குச் சரியாகப் படுகிறது. 1998 கடைசி ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சியாட்டிலுக்கு எதிராக இறங்கும்போது 1830 யார்டு, 2000-க்கு 170 தேவை. அவருக்குத்தான் பந்து வரும் என்று மைதானம் முழுக்கத் தெரியும். 178 ஓடினார். அதற்கு முன் அந்த எல்லையைத் தாண்டியவர்கள் 1973-ல் ஓ.ஜே. சிம்ப்சன், 1984-ல் எரிக் டிக்கர்சன், 1997-ல் பேரி சாண்டர்ஸ், மூன்றே பேர். ஆனாலும் போர்டிஸ் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

#10 மைல்ஹை ரசிகை

போர்டிஸ் கணக்கு, முறை மாறினா நல்ல ஆளும் தடுமாறுவார்னுதான் காட்டுது. டேவிஸ் சாதாரண ஆள்னு அதுல எங்க வருது? சூப்பர் பவுல் 32 பத்தி யாரும் இன்னும் சொல்லலையே, அதைச் சொல்லிடறேன்.

1998 ஜனவரி 25, சான் டியேகோ. டேவிஸ் பிறந்து வளர்ந்த ஊர். எதிரணி கிரீன் பே, நடுவுல கில்பர்ட் பிரவுன், ஏறத்தாழ 340 பவுண்டு. டென்வர் லைன்மேன்கள் பெரும்பாலும் 290-ஐ ஒட்டினவங்க. நேருக்கு நேர் தள்ள முடியாது, அதனால பக்கவாட்டுல ஓடவெச்சாங்க. நாலாவது குவாட்டர்ல அந்த டிஃபென்ஸ் மூச்சு வாங்குறதை வீடியோவுல பார்க்கலாம்.

முதல் குவாட்டர் கடைசியில தலையில வாங்குன அடியால மைக்ரேன் வந்து பார்வை மங்கிருச்சு. சின்ன வயசுலேருந்தே அவருக்கு மைக்ரேன் உண்டு. இரண்டாவது குவாட்டரோட முதல் முயற்சி, கோல் லைன்ல ஒரு யார்டு பாக்கி. கண்ணு தெரியலன்னு தெரிஞ்சும் ஷானஹன் அவரை உள்ள நிறுத்துனார். அவர் இல்லன்னா போலி ஓட்டத்தை யாரும் நம்ப மாட்டாங்க. டிஃபென்ஸ் மொத்தமும் டேவிஸ் மேல பாய, எல்வே பந்தோட வெளியே நடந்து டச் டவுன். அந்தக் குவாட்டர்ல மீதி நேரம் டேவிஸ் வெளியிலதான்.

நீண்ட இடைவேளை முடிஞ்சு திரும்பி வந்தார். வந்த முதல் ஓட்டத்துலயே ஃபம்பிள், பந்து கைநழுவிப் போச்சு, கிரீன் பே 17-17 ஆக்குனாங்க. ஒரு பயிற்சியாளர் அங்க பயந்துருந்தா கதை வேற. தொடர்ந்து அவர்கிட்டயே கொடுத்தாங்க. 24-24 இருக்கும்போது 17 யார்டு ஓடி ஒரு யார்டு கோடு வரைக்கும் கொண்டுவந்தார். 1 நிமிஷம் 45 விநாடி பாக்கி இருக்கும்போது கடைசி டச் டவுன். தங்களுக்குப் பந்து சீக்கிரம் திரும்பிக் கிடைக்கணும்னு கிரீன் பே விட்டுக்கொடுத்த டச் டவுன் அது, அதையும் மறைக்க வேண்டாம். 31-24. ஒரு குவாட்டர் கிட்டத்தட்ட இல்லாமலே 30 கேரி, 157 யார்டு, 3 டச் டவுன், ஆட்டநாயகன்.

#11 முழங்கால்

காயம் பற்றி இதுவரை யாரும் சரியாக எழுதவில்லை. "அதிகமாக ஓடவைத்து முழங்காலை முடித்துவிட்டார்கள்" என்று பொதுவாகச் சொல்வார்கள். நடந்தது வேறு.

1999 அக்டோபர் 3, நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டம். எல்வே ஓய்வு பெற்றுவிட்டார், பிரையன் கிரீசி வீசிய பந்தை ஜெட்ஸ் வீரர் பிடித்துவிட்டார். அவரை மடக்க டேவிஸ் ஓடினார். சொந்த அணியின் டேக்கிள் மேட் லெப்சிஸ் வலது முழங்காலில் வந்து மோதினார். முன் சிலுவைத் தசைநார், உட்பக்கத் தசைநார் இரண்டும் கிழிந்தன. கால் தரையில் ஊன்றியிருக்கும்போது வெளிப்பக்கமிருந்து எடை விழுந்தால் முழங்கால் உள்நோக்கி வளையும். முதலில் உட்பக்கத் தசைநார் போகும், விசை மிஞ்சினால் முன் சிலுவையும் போகும். இது மோதலால் வரும் காயம். ஆயிரம் கேரி ஓடியவருக்கும் பத்துக் கேரி ஓடியவருக்கும் ஒரே மாதிரிதான் வரும்.

ஏற்கெனவே சொன்ன மூன்றாவது காலடியை இங்கே சேர்த்துப் பாருங்கள். ஓடிவரும் 95 கிலோ உடம்பை ஒரு காலில் நிறுத்தித் திருப்புவது அந்த ஓட்டம். முன் சிலுவைத் தசைநாரின் வேலையே கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்காமலும் பிடித்துவைப்பது. புதுத் தசைநார் பொருத்தினாலும், காலை ஊன்றும் அந்த நொடியில் தொடைத் தசையின் பலமும் மூட்டு இருக்கும் நிலையை உணரும் திறனும் பழையபடி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். சுற்றி ஓடும் பாணிக்காரர் கொஞ்சம் சமாளிக்கலாம், ஒரே வெட்டுக்காரருக்கு அது முடியாது.

2000-ல் கீழ்க்காலில் எலும்பு அழுத்தக் காயம், ஐந்து ஆட்டத்தோடு நின்றது. ஒரு பக்கம் பலவீனமாக இருக்கும்போது எடை தவறாகப் பகிரப்பட்டு இப்படி வேறிடத்தில் வலி கிளம்புவது இந்தத் துறையில் அடிக்கடி பார்ப்பது. 2001-ல் இரண்டு முழங்காலிலும் துளைவழி அறுவை. 2002 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே விலகினார். வயசு 29.

#12 பின்களம்

அப்படியானால் கேரி சுமைக்குப் பங்கே இல்லை என்கிறீர்களா? 1997-ல் பிளேஆஃபையும் சேர்த்து 481 கேரி, 1998-ல் 470. இரண்டு வருஷத்தில் 951. அதில் பந்து பிடித்ததும் பிளாக் செய்ததும் சேரவில்லை.

#13 முழங்கால்

பங்கு இருக்கலாம், ஆனால் காயத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் தேட வேண்டும். 1999-ல் அந்த நான்கு ஆட்டத்தில் அவர் சராசரி 3.1. கால் களைத்திருந்ததா, எல்வே இல்லாததால் எதிரணி முன்னால் குவிந்ததா என்பதை அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. கிழிந்தது மோதலில். சுமை அடுத்த இரண்டு மூன்று வருஷத்தைக் குறைத்திருக்கும் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

#14 கணக்கு

கேன்டன் ஹால் ஆஃப் ஃபேம் (சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) விஷயத்துக்கு வருவோம். 2007-ல் தகுதி, 2017-ல்தான் நுழைவு. இடையில் 14101 யார்டு கர்டிஸ் மார்ட்டின் 2012-ல் போனார், 13662 யார்டு ஜெரோம் பெட்டிஸ் 2015-ல் போனார். தேர்வுக்குழு நீண்ட காலத்தைத்தான் முதலில் பார்க்கிறது. ஆனால் முன்னுதாரணம் ஏற்கெனவே இருந்தது. சிகாகோ பேர்ஸின் கேல் சேயர்ஸ் 68 ஆட்டம், 4956 யார்டு, 1977-லேயே உள்ளே. சேயர்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. அவருக்குக் கதவு திறந்தது என்றால், இரண்டு கோப்பையும் ஒரு சூப்பர் பவுல் ஆட்டநாயகன் விருதும் 1998-ன் சீசன் எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த வீரர்) விருதும் உள்ளவரைப் பத்து வருஷம் நிறுத்திவைத்ததற்கு நியாயமே இல்லை. நான் சிஸ்டம் கட்சியின் வாதத்தை வைத்தவன், இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

#15 மைல்ஹை ரசிகை

@கணக்கு, இதுக்கே உங்களுக்கு ஒரு மைல் ஹை சல்யூட். இன்னொண்ணு, டேவிஸுக்கு அணியில இடம் கிடைச்சதே ஓடி இல்ல. 1995 ஆகஸ்ட், டோக்கியோவுல சான்ஃபிரான்சிஸ்கோ 49ers அணிக்கு எதிரா பயிற்சி ஆட்டம். கிக்காஃப்ல பந்தோட வந்தவரை அவர் இடிச்ச இடிதான் பயிற்சியாளர்கள் கண்ணுல பட்டது. பட்டியல்ல கடைசியில கிடந்த ரன்னிங் பேக் ஒரு மாசத்துக்குள்ள தொடக்க ஆட்டக்காரர். சிஸ்டம் யாரை வேணா ஓடவைக்கும்னா, முன்னால நின்ன மத்தவங்களை ஏன் ஓடவைக்கல?

#16 புதுவரவு

எந்த ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தால் ஏழுயார்டு சொன்ன மூன்றாவது காலடி புரியும்?

#17 ஏழுயார்டு

முதலில் 1998 சீசனின் மயாமி பிளேஆஃப் ஆட்டம். டென்வர் 38-3, டேவிஸ் 21 கேரி, 199 யார்டு. கட் பிளாக் வரிசையாக விழுவது அதில் தெளிவாகத் தெரியும். அடுத்து சூப்பர் பவுல் 32-ன் இரண்டாம் பாதி.

பார்க்கும்போது முதல் தடவை டேவிஸைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரே ஓட்டத்தை மூன்று முறை திரும்பப் பாருங்கள். முதல் முறை எதிர்ப்பக்க டேக்கிள் மட்டும்: எப்போது பாய்கிறார், எதிரி விழுகிறானா, தாண்டுகிறானா. இரண்டாம் முறை நடு லைன்பேக்கர் மட்டும்: அவன் தோள் எந்த நொடியில் வெளியே திரும்புகிறது. மூன்றாம் முறை டேவிஸின் பாதம், மூன்றாவது காலடியில் நிறுத்திவிடுங்கள். லைன்பேக்கரின் தோள் திரும்பிய பிறகு டேவிஸ் கால் ஊன்றினால் அது அவர் சம்பாதித்த யார்டு. லைன்பேக்கர் ஏற்கெனவே தரையில் கிடந்தால் லைனுக்குச் சேர வேண்டியது. ஒரு ஆட்டம் முழுக்க இப்படிப் பிரித்து எழுதி இங்கே போடுங்கள். போர்டிஸின் 2002 ஆட்டம் ஒன்றையும் @கணக்கு இதே முறையில் பிரித்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

#18 கணக்கு

போடுகிறேன். ஒளிபரப்புக் கேமராவில் எதிர்ப்பக்க டேக்கிள் பாதி நேரம் திரைக்கு வெளியே போய்விடுவார், அதனால் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்த கோணம் மறு ஒளிபரப்பில் கிடைக்கும் ஓட்டங்களை மட்டும் கணக்கில் எடுக்கலாம். இருவருக்கும் ஒரே விதி.